மாத்திரை போட்டால் கை நடுங்குது, போடாவிட்டால் சுகர் ஏறுது

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பையனைக் காலேஜுக்கும் வீட்டுக்காரரைத் தறிக்கும் அனுப்பிவிட்டு ஏழரைக்குக் கம்பெனி வேன் ஏறினால், ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு. காலையில் சாப்பிட நேரம் இருக்காது. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன வருடம் ஒருநாள் பதினொரு மணி வாக்கில் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் மங்கிவிட்டது. ஊசி விரலில் இறங்கியிருக்கும். பக்கத்து மெஷின் அக்கா பார்த்து நிறுத்திவிட்டார். உடம்பு முடியாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வேலை நாட்களில் காலை மாத்திரையை விட்டுவிடுகிறேன். செக்கப்புக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் ஒழுங்காகப் போடுவேன். இப்போது மூன்று மாதச் சர்க்கரை 9.6 என்று வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரை பவரைக் கூட்டிவிட்டார். அடுத்த முறையும் குறையாவிட்டால் இன்சுலின்தான் என்கிறார். வாயைக் கட்டவில்லை என்று வீட்டில் திட்டுகிறார்கள். நான் வெள்ளைச் சர்க்கரையே சேர்ப்பதில்லை, நாட்டுச் சர்க்கரைதான். வேலையை விட்டால்தான் சுகர் குறையுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்துவிட்டு, “சரி, நாளையிலிருந்து ஒழுங்காகப் போடுவோம்” என்று கூட்டிக் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேன் ஏறிவிடாதீர்கள். பழைய அளவை நீங்கள் தினமும் போட்டும் சுகர் குறையவில்லை என்று நினைத்துத்தான் டாக்டர் கூட்டியிருக்கிறார். நீங்களோ வேலை நாட்களில் அதைப் போடவே இல்லை. பழைய அளவுக்கே கை நடுங்கியது என்றால், புது அளவு உங்களை மெஷின் மேலேயே சாய்த்துவிடலாம். இந்த வாரமே டாக்டரைப் போய்ப் பாருங்கள். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று கீழே எழுதுகிறேன்.

நீங்கள் மாத்திரையை விட்டதற்குக் காரணம் சோம்பலோ அலட்சியமோ கிடையாது. மாத்திரை போட்ட நாளில் விரலில் ஊசி இறங்கப் பார்த்தது, வேலையே போகப் பார்த்தது. அப்படியிருக்க, மாத்திரையை விட்டது உங்கள் நிலையில் யாருக்கும் தோன்றக்கூடிய முடிவுதான். ஆனால் அதை டாக்டரிடம் சொல்லவில்லை, அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. செக்கப்புக்கு இரண்டு நாள் முன்னால் மாத்திரையும் பத்தியமும் சரியாக இருந்தால், வெறும் வயிற்றுச் சுகர் ஓரளவு நல்லபடியாகவே வரும். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரை அதற்கு மசியாது. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதில் படிந்த சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. இரண்டு தாளையும் பார்க்கும் டாக்டருக்கு, மாத்திரை பற்றவில்லை என்றுதான் தோன்றும். பவரைக் கூட்டுவார். கூட்டினால் உங்களுக்குப் பயம் கூடும், இன்னும் அதிகமாக விடுவீர்கள். அடுத்த முறை 10ஐத் தாண்டும். அப்போது இன்சுலின் எழுதுவார். சாப்பாட்டு நேரம் நிலையில்லாத ஒருவர், அதையும் சொல்லாமல் இன்சுலினில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை.

அன்று நடந்ததைப் பார்ப்போம். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. வீட்டில் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகள். வயிற்றில் சோறு விழுந்ததா இல்லையா என்று இவை பார்ப்பதில்லை. நீங்கள் ஏழு மணிக்குப் போட்ட மாத்திரை பதினொரு மணிக்கு முழு வேகத்தில் வேலை செய்கிறது. முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு உருப்படியாக எதுவும் சாப்பிடவில்லை. காலை ஐந்திலிருந்து உடம்பு ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை சரசரவென்று இறங்கிவிட்டது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் மங்கல் எல்லாம் அதன் அடையாளங்கள். இந்த மாத்திரைகளைக் கடிகாரம் பார்த்துப் போடக் கூடாது, சாப்பாட்டைப் பார்த்துப் போட வேண்டும். இதை எழுதிக் கொடுப்பவரோ விற்பவரோ அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அட்டையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருவது நம்மிடம் ரொம்ப சாதாரணம். உங்களுடையதும் அப்படி என்றால், நடுக்கத்துக்குப் பயந்து நீங்கள் விட்டது இரண்டு மருந்து. மெட்ஃபார்மின் மட்டும் தனியாகச் சாப்பிட்டால் சுகர் ஆபத்தாக இறங்குவது அபூர்வம். அதாவது பயப்படத் தேவையில்லாத மருந்தும் சேர்ந்தே நின்றுபோயிற்று. உங்கள் 9.6இல் இதற்குப் பெரிய பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

டாக்டர் அறையில் கூட்டம் இருக்கும், மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காது, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், உட்கார்ந்ததும் கையில் கொடுங்கள். “வேலை நாட்களில் நான் காலை மாத்திரை போடுவதில்லை. போட்ட நாளில் பதினொரு மணிக்கு லோ சுகர் வந்தது. காலையில் சாப்பிடாமல்தான் வேலைக்கு வருகிறேன். வேலை ராத்திரி எட்டரை வரை. தையல் மெஷினில் இருக்கிறேன்.” இவ்வளவு போதும். திட்டுவாரோ என்று தயங்காதீர்கள். ஒரு நிமிடம் கோபப்பட்டாலும், இந்த ஐந்து வரியைப் படித்த எந்த டாக்டரும் மருந்துச் சீட்டை அப்படியே வைத்திருக்க மாட்டார்.

அவர் செய்யக்கூடிய மாற்றங்கள் பல உண்டு. இரட்டை மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கலாம். தூண்டும் மாத்திரையைக் குறைக்கலாம், அல்லது நீங்கள் உண்மையிலேயே சாப்பிடும் நேரத்துக்கு நகர்த்தலாம். அல்லது லோ சுகர் பயம் குறைவான சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்ற ஒன்றுக்கு மாற்றலாம். காப்புரிமை முடிந்த பிறகு இவற்றின் விலை முன்னைவிட நன்றாகவே இறங்கியிருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் என்று ஒரு வகையும் இருக்கிறது. நல்ல மருந்துதான், ஆனால் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். அதை எழுதினால், லைனை விட்டு எழுந்திருக்க முடியாத உங்கள் நிலையை அவசியம் சொல்லுங்கள்.

பாத்ரூம் பேச்சு வந்ததால் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறீர்களா? பீஸ் கணக்கு, மணிக்கு இத்தனை என்று டார்கெட், எழுந்தால் பின்னால் இருப்பவருக்கு வேலை நிற்கும் என்ற சங்கடம் எல்லாம் சேர்ந்து, லைனில் இருக்கும் பெண்கள் பலர் காலையிலிருந்து மத்தியானம் வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. சுகர் 9.6இல் இருக்கும்போது உடம்பு தண்ணீரைச் சிறுநீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். குடிக்காமலும் போகாமலும் அடக்கினால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும், தொற்று வந்தால் சுகர் மேலும் ஏறும். டாக்டரிடம் ஒரு சிறு கடிதம் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை நோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடவும் தேவைப்படும்போது கழிப்பறை செல்லவும் அனுமதிக்க வேண்டும் என்று இரண்டு வரி இருந்தால் போதும். அதைச் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டாம், ஆபீசில் ஹெச்.ஆரிடம் கொடுங்கள். இது சலுகை கேட்பதும் ஆகாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஏற்றுமதிக் கம்பெனி என்றால் வெளிநாட்டு வாங்குவோரின் ஆடிட்டும் நடக்கும். அந்தக் கடிதத்தை அவர்கள் லேசில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

இனி காலைச் சாப்பாடு. வீட்டில் எல்லோருக்கும் சமைத்துத் தூக்குப்போசியும் கட்டிக் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் வெறும் வயிற்றோடு கிளம்புவது நின்றே ஆக வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன். காலேஜ் போகிற பையனுக்கு அவன் டப்பாவை அவனே கட்டிக்கொள்ளத் தெரியும். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர், இட்லித் துணி அலசக் கை வலிக்காது. அந்தப் பத்து நிமிடம் உங்களுக்குக் கிடைத்தால் போதும். அதுவும் முடியாத நாளில் இரண்டு இட்லியோ ஒரு தோசையோ, கூடவே ஒரு கை வேகவைத்த பச்சைப்பயறோ தட்டைப்பயறோ ஒரு டப்பாவில் போட்டு வேனில் சாப்பிடுங்கள். பயறு ராத்திரியே வெந்து இருக்கட்டும். பருப்பும் பயறும் சேர்ந்தால் சுகர் ஒரேயடியாக ஏறாது, பதினொரு மணிக்கு இறங்கும் வாய்ப்பும் குறையும். நம் பக்கத்துக் கொள்ளுப் பருப்பும் கீரைக் கடைசலும் இதற்கு அருமையான துணை. அரிசிம்பருப்புச் சாதமும் சாப்பிடலாம், அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால்.

ராகிக் களி சுகருக்கு நல்லது என்று சொல்லி யாராவது இரண்டு உருண்டை போடுவார்கள். ராகியில் சத்து உண்டு, ஆனால் மாவாக அரைத்துக் கிண்டிய களி சுகரை நன்றாகவே ஏற்றும். ஒரு சின்ன உருண்டையோடு நிறுத்திக்கொண்டு, குழம்பும் கீரையும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுச் சர்க்கரை விஷயத்தில் கொங்கு நாட்டில் பிறந்த நம் எல்லோருக்கும் ஒரு பாசம் இருக்கிறது. கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, அதன் மணமும் ருசியும் தனிதான். ஆனாலும் அது கரும்புச் சர்க்கரை. கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதைத் தவிர, ரத்தத்துக்குள் போனதும் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெல்லமும் கருப்பட்டியும் அப்படியே. கம்பெனியில் நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலை ஒன்று, பத்தரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, ஓவர்டைம் இருந்தால் ஆறு மணிக்கு இன்னொன்று. கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை ஆயிற்று. கூடவே தேங்காய் பன்னோ வர்க்கியோ. டீயை விட வேண்டாம், நின்று மூச்சு விடும் நேரம் அது. சர்க்கரை இல்லாமல் கேளுங்கள். நாக்குக்கு ஒரு பதினைந்து நாளில் பழகிவிடும். பன்னுக்குப் பதில் ஒரு பிடி வறுத்த கடலக்காயோ சுண்டலோ பையில் இருக்கட்டும். ஆறு மணிக்கு அதைச் சாப்பிட்டால், ராத்திரி ஒன்பதரைக்கு அகோரப் பசியில் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டு உடனே படுப்பதும் குறையும். விடிகாலைச் சுகர் ஏறுவதற்கு அந்த ராத்திரிச் சோறு ஒரு முக்கியக் காரணம்.

லோ சுகர் மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும் துணியில் கறை பட்டுவிடும் என்று மெஷின் பக்கத்தில் சாப்பிடும் பொருள் வைக்க விட மாட்டார்கள். அதனால் சுடிதார் பாக்கெட்டிலோ இடுப்புச் சுருக்குப் பையிலோ மூன்று டீ ஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் ஒரு சின்ன பொட்டலமாக இருக்கட்டும். நடுக்கம் தெரிந்த உடனே மெஷினை ஆஃப் செய்யுங்கள், பொட்டலத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். பீஸை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சரியான பிறகு இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிடுங்கள். முதலிலேயே பன், சாக்லேட் சாப்பிட்டால் அதிலுள்ள மாவும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அன்று உங்களைக் காப்பாற்றிய அக்காவிடம் இதைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

முடிந்தால் விரலில் குத்திச் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள். தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை, ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும். மருந்து மாற்றிய முதல் இரண்டு வாரம், பதினொரு மணிக்கும் உடம்பு ஒரு மாதிரி இருக்கும்போதும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். 70க்குக் கீழே என்றால் லோ சுகர். ரொம்ப நாள் 250, 300 என்று இருந்த உடம்புக்கு, சுகர் சாதாரண அளவுக்கு இறங்கும்போதே படபடப்பு வரும். சில வாரத்தில் பழகிவிடும். மீட்டர் இருந்தால் எது நிஜமான இறக்கம், எது பழக்கமில்லாத இறக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் பயத்தில் மறுபடி மாத்திரையை நிறுத்திவிடுவீர்கள்.

தையல்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சுகர் ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் வீங்கிச் சுருங்கும், பார்வை பவர் மாறிக்கொண்டே இருக்கும். நூல் கோர்க்க முடியவில்லை என்று இப்போதே புதுக் கண்ணாடி போட வேண்டாம். சுகர் நிலைப்பட்டுச் சில வாரம் கழித்துப் போடுங்கள். ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வருடம் ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின், பாதத்தில் உணர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் லேசாகப் பாதித்திருந்தால்கூட அந்தத் தூண்டும் மாத்திரைகளில் சில உடம்பில் அதிக நேரம் தங்கும், லோ சுகர் எளிதில் வரும். பாதம் மரத்திருந்தால் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும்போது வெறுங்காலில் நடக்க வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவுக்கு வழிகள் இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உங்களுக்கு உண்டு, சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடிக்கிறார்கள் என்றால் மருந்தும் பரிசோதனையும் அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். நீங்கள் பகலில் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதால், உங்கள் பகுதித் தன்னார்வலர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் கடைகளிலும் விலை குறைவு.

இன்சுலின் கடைசிக் கட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேவைப்பட்டால் அதைப் போட்டுக்கொண்டு பல்லாண்டு நன்றாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு இப்போது அது வேண்டுமா என்பதை, சரியான மாத்திரையைச் சரியான சாப்பாட்டோடு மூன்று மாதம் போட்ட பிறகு வரும் எச்பிஏ1சியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் முடிவு செய்வது அவசரம். பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே என்பது இலக்கு. லோ சுகர் பயம் இருக்கும் உங்களுக்கு முதலில் 8க்குக் கீழே கொண்டு வந்துவிட்டு, அப்புறம் மெல்ல இறக்கலாம் என்று டாக்டர் நினைக்கலாம். அதுவும் சரிதான்.

வேலையை விட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சம்பளம் நின்றால் மருந்தும் இ.எஸ்.ஐ.யும் சேர்ந்து நிற்கும். மாற வேண்டியது மாத்திரை, காலைச் சாப்பாடு, அந்தப் பாத்ரூம் அனுமதி. ராத்திரி எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்டை மட்டும் வாரத்தில் இரண்டு நாளாவது குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

வீட்டில் திட்டுபவர்களிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. இத்தனை பேரும் வாயைக் கட்டாதவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதைவிட, நாளைக் காலை யார் டப்பா கட்டுவது என்று அவர்கள் பேசி முடிவு செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்.

நடுவில் வாந்தி, அடங்காத தாகம், காரணமில்லாமல் எடை இறங்குவது, நெஞ்சு வலி, ஆறாத கால்புண் என்று எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதற்காக எங்கே படுக்க வைத்தாலும், சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரைகளில் எதை நிஜமாகப் போடுகிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதை நர்சிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.